நாற்பத்திரண்டு கறைகள்

இப்படிப்பட்ட நினைவுகளை வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பது முடியவில்லை. ஆனால் சுவிஸில், அச்சுக்குப் படம் திருத்தும் தொழிலில், தமிழில் எழுதக்கூடிய மூத்தவர் யார் என்று தேடினால் நான்தான் அகப்படுகிறேன். ஐந்து வருடம் தாக்குப்பிடித்தவன் இங்கே கிழவன்.

வருகிற மாதம் ஓல்டன் அச்சகத்தை விட்டு நொஷாட்டலுக்குப் போகிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஒரே மேசையில் ஐந்து வருடம் இருந்தேன் என்பதே எனக்கு ஆச்சரியம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் உங்களில் இருவர் என் இடத்துக்கு வருகிறீர்கள். மற்ற ஊர்களிலும் மூன்று நான்கு பேர் சேர்ந்திருப்பதாகக் கேள்வி. பிலிமை எந்தப் பக்கம் பிடிப்பது, கத்தியை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது, இதெல்லாம் ஒரு கிழமையில் பழகிவிடும். இனிக் கணினித் திரையில்தான் எல்லாம் என்கிறார்கள்; அப்போது கத்தியும் வேண்டாம். ஆகவே நான் கத்தியைப் பற்றிப் பேசப்போவதில்லை. நான் அழித்த இரண்டு குதிரைகளைப் பற்றிப் பேசப்போகிறேன்.

முதலில் நான் அந்த மேசைக்கு வந்த கதை. ஊரில் நில அளவை அலுவலகம் ஒன்றில் படவரைஞனாகப் பயின்றவன் நான். இங்கே வந்து முதல் இரண்டு வருடம் ஓல்டனில் கட்டடங்களைத் துப்புரவு செய்தேன். அப்படித் துப்புரவு செய்த இடங்களில் ஒன்றுதான் இந்த அச்சகம். ஒருநாள் மாலை கூட்டிக்கொண்டு போகையில், வெளிச்ச மேசையில் ஒரு தேசப்படத்தின் பிலிம் விரித்துக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். அதில் ஓர் ஆறு மலையேறிப் போய்க்கொண்டிருந்தது. உயரக்கோடுகளோடு ஆற்றை ஒட்டும்போது யாரோ பிலிமைத் தலைகீழாக வைத்துவிட்டார்கள். எனக்குக் கை சும்மா இருக்குமா? ஒரு துண்டில் எனக்குத் தெரிந்த ஜேர்மனில் ‘இந்த ஆறு மேலே போகிறது, மன்னிக்கவும்’ என்று எழுதி வைத்துவிட்டுத் தும்புத்தடியோடு வெளியேறினேன். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவர் படத்திருத்தப் பகுதியின் பொறுப்பாளர். நாற்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேசாத பெண். பெயர் போட்டால் கோபிப்பார், பொறுப்பாளர் என்றே எழுதுகிறேன். மூன்று மாதம் பரீட்சைக் காலம், பிறகு நிரந்தரம் என்றார். உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: அகதி மனு முடிவாகாத எனக்கு மாநில அலுவலகம் தந்த வேலை அனுமதித் தாளில் அந்த அச்சகத்தின் பெயர் இருந்தது. மேசை போனால் தாளும் போகும். தாள் போனால் மறுபடி தும்புத்தடி.

அந்த மூன்று மாதத்தின் கடைசிக் கிழமைகளில்தான் குதிரைகள் வந்தன.

சூரிச்சிலிருந்து ஒரு விளம்பர முகவர் பழைய சுவரொட்டி ஒன்றைக் கொண்டு வந்தார். கூர் நகரத்தில் ஒரு கார் கராஜ் தன் அறுபதாவது ஆண்டைக் கொண்டாடுகிறது, அதற்கு இந்தச் சுவரொட்டியை அப்படியே மறுபடி அச்சிட்டு வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்றார். விரித்ததும் நான் மேசையைச் சுற்றி இரண்டு தரம் நடந்தேன். அப்படி ஒரு படம்! கார் என்ற சாமானே புதிதாக இருந்த காலத்தில், இப்போது யாருக்கும் பெயர் நினைவில்லாத ஒரு கார்த் தொழிற்சாலை வெளியிட்ட சித்திரத் தேசப்படம். சுவிஸ் முழுவதும் ஒரே தாளில். ஆனால் அளவுப்படி அல்ல, ஆசைப்படி. பேர்னில் நின்ற கரடி பேர்னை விடப் பெரிது. நொஷாட்டல் ஏரிக்கரையில் ஒரு சோடி குடைக்குக் கீழே நித்திரை; பக்கத்தில் அவர்களின் கார் காவல் நிற்கிறது. எங்கள் ஓல்டனை ஒரு முடிச்சாகவே வரைந்திருந்தான் மனிதன். தண்டவாளங்கள் நூடில்ஸ் போலச் சிக்கிக் கிடக்க, ரயில் மாற ஓடும் சனம் வியர்த்து வழிகிறது. அதற்கு மேலே வளைந்த வெறும் வீதியில் ஒரு சிவப்புக் கார் மட்டும் சிரித்துக்கொண்டு போகிறது. அடியில் கொட்டை எழுத்தில்: எங்கள் கார் எங்கும் போகும்.

அதே சிவப்புக் கார் தாள் முழுவதும் பதினைந்து இருபது இடத்தில் வரும். ஒவ்வொரு பிரதேசத்திலும் ஒரு தரம். இந்தப் படங்களை நீங்களும் ஒருநாள் கையில் எடுப்பீர்கள், அப்போது கவனியுங்கள்: இவை வழி காட்டப் பிறந்தவை அல்ல, வாங்க வைக்கப் பிறந்தவை. தொழிற்சாலை பக்கத்தில் தூரம் சுருங்கும். மலை ஓரமாய் ஒதுங்கி வழிவிடும். எனக்கு இது அன்று தெரியாது. நான் பயின்ற இடத்தில் ஒரு சட்டம்: குறி விளக்கத்தில் இல்லாத எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் அது அழுக்கு. இந்தச் சுவரொட்டியின் மூலையிலும் குறி விளக்கம் இருந்தது. கார் என்றால் நல்ல வீதி, தகரப் பீப்பாய் என்றால் பெற்றோல், கட்டில் என்றால் ஹோட்டல். குதிரை இல்லை.

தாள் மோசமான நிலையில் இருந்தது. கிழக்குப் பக்கமாக ஒரு மடிப்பு. மடிப்பு நெடுக மண்ணிறத் தண்ணீர்க் கறை; மற்றப் பக்கங்களிலும் அங்கங்கே தெறித்திருந்தது. படத்தின் கோடுகளும் மண்ணிறம், வெளிறியவை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிலிம் எடுத்த பிறகு, மண்ணிறப் பிலிமில் இருந்த கறைகளைச் சுரண்டி எடுப்பது என் வேலை. பொறுப்பாளர் இரண்டு நாள் தந்தார். நான் இரண்டு மணித்தியாலத்தில் முடித்தேன். நாற்பத்திரண்டு கறைகள். எண்ணிக்கை எப்படித் தெரியும் என்றால், சுரண்டிய இடங்களை எண் போட்டு ஒரு சின்னத்தாளில் குறித்திருந்தேன். கவனத்துக்காக அல்ல, பெருமைக்காக. இத்தனை மணித்தியாலத்தில் இத்தனை என்று காட்டத்தான்.

அச்சு இயந்திரத்தில் நின்ற இத்தாலியர், முப்பது வருடம் இந்த நாட்டில் உழைத்தவர், வந்து எட்டிப் பார்த்தார். இங்கே ஒரு சொல். அவர்கள் பேசியதெல்லாம் சுவிஸ் ஜேர்மன். என் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

“முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது.”

“ரெண்டு நாள் வேலையல்லோ?”

“எனக்கு ரெண்டு மணித்தியாலம்.”

“உன்னைத் துப்புரவு வேலையிலயிருந்து எடுத்தவையாம் எண்டு கேள்விப்பட்டன்,” என்றார். “எடுக்கேல்லைப் போல கிடக்கு.”

நான் சிரித்தேன். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாதிரித்தாள் அடித்தாயிற்று. முகவர் வந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கராஜின் பெயரும் ரெலிபோன் எண்ணும் சரியா என்று அடிவரியை வாசித்தார், கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்கு இங்கே ‘குட் ட்ஸும் துறுக்’ என்று பெயர். அச்சிடலாம் என்று அர்த்தம். அது விழுந்த பிறகு படத்தில் எந்தப் பிழை இருந்தாலும் பொறுப்பு வாடிக்கையாளருடையது, அச்சகத்துடையது அல்ல. இதை நன்றாக மனதில் வையுங்கள். திங்கட்கிழமை காலை இதைச் சுற்றித்தான் எல்லாம் நடந்தது. மறு வெள்ளி என் மூன்று மாதம் முடிகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நிறம் சரியில்லாமல் ஒதுக்கிய ஒரு மாதிரித்தாளைக் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டினேன்.

ஞாயிறு மத்தியானம் நேசன் வந்தான். என்னோடு ஒரே பள்ளியில் படித்தவன். கூரில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறான். காலையில் சாப்பாட்டு மண்டபத்தைத் துடைத்து ஒழுங்காக்குவதும் அவன் பொறுப்பு. இறைச்சிக்கறி அடுப்பில் இருந்தது. அவன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சுவருக்கு முன்னால் நின்றான்.

“இதுவோ உன்ர படம்? வடிவாத்தான் கிடக்கு. எங்கட கூர் எங்கை?”

காட்டினேன். கூருக்கு மேலே, மலைக்கணவாயில் ஏறும் சிவப்புக் கார்.

“இது பிழையடா.”

“என்ன பிழை?”

“எங்கட கன்ரோனில அந்தக் காலம் கார் ஓட விடேல்லை.” கன்ரோன் என்றால் இங்கே மாநிலம்.

“எங்கட கன்ரோனோ? எப்ப மச்சான் வாங்கினனி?”

“பகிடி விடாதை. கூர் இருக்கிற கிறவுபுண்டன் கன்ரோன் முழுக்கக் கார் தடை. ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தஞ்சாம் ஆண்டு வரைக்கும். எங்கட ஹோட்டல் மண்டபத்தில பெரிய போட்டோ ஒண்டு தொங்குது, நான்தான் நெடுக அதைத் துடைக்கிறன். ஒரு காரை ரெண்டு குதிரை இழுக்குது. உள்ளுக்கை துரைமார் கையைக் கட்டிக்கொண்டு இருக்கினம். எல்லை வரைக்கும் ஓடிக்கொண்டு வந்து, எங்கட பக்கம் வந்தவுடன எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுக் குதிரை பூட்ட வேணுமாம். வாற விருந்தாளியள் எல்லாம் அதைப் பாத்துத்தான் முதல் சிரிக்கிறது.”

“இது விளம்பரம். அவன் பொய் வரைஞ்சிருப்பான்.”

“வரைஞ்சிருப்பான்,” என்றான் நேசன். “கறி அடிப்பிடிக்குது.”

அவன் சாப்பிட்டான். எனக்கு இறங்கவில்லை. மடிப்பின் மேலே, கணவாய்க்குப் பக்கத்தில், நான் சுரண்டிய ஒரு கறை. நீளமானது. உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள் அதைப் பார்த்த நினைவு வந்தது. அடியில் நாலைந்து கோடுகள் தொங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் வழிந்த தடம் என்று நினைத்தேன். அதற்கும் காருக்கும் நடுவே மெல்லிய இரண்டு கீறல்கள். கீறல் என்றுதான் அவற்றையும் எடுத்தேன். கீறலும் கயிறும் அந்த அளவில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அச்சகம் பூட்டியிருந்தது. மூலச் சுவரொட்டி உள்ளே. நான் அறைக்குள் நடந்தேன், கீழே இறங்கி ஆறு வரை நடந்தேன், திரும்பி வந்தேன். நேசன் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

“கையெழுத்து விழுந்திட்டுதெண்டல்லோ சொன்னனி? பிறகென்ன?”

“குதிரை நிண்டிருந்தா?”

“நிண்டிருந்தா நிண்டிருக்கும். ஒருத்தருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு இரு. வேலை நிரந்தரமாகட்டும்.”

நியாயமான புத்திதான். அவன் என்மேல் உள்ள அக்கறையில் சொன்னான். உங்களுக்கும் இப்படிச் சொல்ல ஆள் இருக்கும், அவர்களோடு சண்டை பிடிக்காதீர்கள்.

திங்கள் காலை ஆறு மணிக்குப் போனேன். இத்தாலியர் எனக்கு முன்பே வந்து தகடுகளை இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் பொறுங்கோ.”

“ஏன்?”

“படம் பிழையாக்கும்.”

“கையெழுத்து இருக்கோ?”

“இருக்கு.”

“கையெழுத்து இருந்தா படம் பிழையில்லை.”

“பத்து நிமிசம். நான் மூலத்தைப் பாத்திட்டு வாறன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தார். “நான் ஒரு கோப்பி குடிக்கப் போறன்,” என்றார். “கோப்பி முடியுமட்டுந்தான்.”

இழுப்பறையைத் திறந்து சுவரொட்டியை விரித்தேன். கண்ணாடியை மடிப்பின் மேல் வைத்தேன். தண்ணீர்க் கறைகளுக்கு நடுவே, அதே வெளிறிய மண்ணிறத்தில், இரண்டு குதிரைகள் தலையைக் குனிந்து காரை இழுத்துக்கொண்டிருந்தன. முன்னால் ஓர் ஆள் கயிற்றைப் பிடித்தபடி நடக்கிறான். காருக்குள் இருந்த சாரதி கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். ‘எங்கும் போகும்’ என்ற விளம்பரத்துக்குள் ஓவியன் ஒளித்து வைத்த பகிடி அது. ஆறு மலையேறினால் கண்டுபிடித்தவன், கையைக் கட்டிக்கொண்டு கார் ஓட்டும் சாரதியைக் காணவில்லை. அவன் என் மாதிரித்தாளிலும் அப்படியே இருந்தான். எனக்கு முன்னாலேயே இரண்டு நாள் சுவரில் இருந்தான்!

பொறுப்பாளர் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. மூலம் தெளிவில்லாமல் இருந்தது, பிலிம் சரியாக விழவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு வசனம் தயாராக இருந்தது. ஜேர்மனில்கூட இலக்கணப் பிழை இல்லாமல் தயாராக இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று இன்றும் விளங்கவில்லை. நல்லவன் என்பதால் அல்ல. குதிரைகள் அவ்வளவு அழகாக இருந்தன, அவற்றை யாருக்காவது காட்ட வேண்டும் போலிருந்தது.

“இதைப் பாருங்கோ,” என்றேன். “நான் இதை அழிச்சுப்போட்டன்.”

அவர் கோட்டோடு குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

“மொத்தம் எத்தனை கறை எடுத்தனீங்கள்?”

“நாற்பத்திரண்டு.”

“அதில எத்தனை கறை எண்டு தெரியும்?”

ஒரு பிழையைப் பிடித்துவிட்டேன் என்ற பதற்றத்தில், அந்த இரண்டு மணித்தியாலமும் ஒரே கைதான் வேலை செய்தது என்பதை மறந்துபோனேன். இரண்டைப் பிழையாக எடுத்த கை மற்ற நாற்பதை மட்டும் சரியாக எடுத்திருக்கும் என்று யார் சொன்னது?

அவர் போய் இத்தாலியரிடம் தகடுகளை இறக்கச் சொன்னார். “மற்ற வேலையை முதல் ஏத்துங்கோ. இது ஒம்பது மணிக்கு.” இத்தாலியர் கோப்பிக் கோப்பையோடு என்னைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினார்.

பெருமைக்காக எழுதிய சின்னத்தாள்தான் காப்பாற்றியது. ஒன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொரு எண்ணாக மூலத்தில் பார்த்தோம். ஒன்பதாம் எண் கறை அல்ல. ஓல்டன் முடிச்சில் ரயில் ஜன்னலால் பறந்துபோன ஒருவரின் தொப்பி. இருபத்தாறாம் எண், மலைச்சரிவில் காருக்குப் பயந்து ஓடும் ஆடு. முப்பத்தொன்றும் முப்பத்திரண்டும் குதிரைகளும் ஆளும் கயிறும். மிச்சமெல்லாம் கறைதான், பதினேழைத் தவிர.

பதினேழாம் எண் வாலன் ஏரிக்கு மேலே ஆகாயத்தில் இருந்தது. ஒரு மண்ணிறத் துளி. ஒருபக்கம் கொஞ்சம் கூர். பறவை என்றால் பறவை. புகை என்றால் புகை. அறுபது வருடத்துக்கு முன் யாரோ சிந்திய கோப்பி என்றால் அதுவும் சரி. நான் மூன்று தரம் பார்த்து மூன்று முடிவுக்கு வந்தேன்.

“பறவை,” என்றேன்.

“நிச்சயமோ?”

“இல்லை. கறை.”

“தெரியேல்லை எண்டு சொல்லிப் பழகுங்கோ,” என்றார்.

எட்டு மணிக்கு முகவரை ரெலிபோனில் பிடித்தார். நான் பக்கத்தில் நின்றேன். முகவரின் குரல் எனக்கே கேட்டது.

“குதிரை போனா நல்லதுதானே! கீழ என்ன எழுதியிருக்கு? எங்கும் போகும். குதிரை இழுக்கிற காரை ஆர் வாங்குவான்? விழா சனிக்கிழமை. நான் கையெழுத்துப் போட்டாச்சு. அடியுங்கோ.”

பொறுப்பாளர் ரெலிபோனை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “அப்ப அடிக்கப் போறமோ?” என்றேன். “அவர்தான் எங்கட வாடிக்கையாளர்,” என்றார். மறுபடி ஜன்னல்.

எட்டேகால். எட்டு இருபது. ஒன்பதுக்கு இயந்திரம்.

மாதிரித்தாளின் அடிவரியில் கராஜின் எண் இருந்தது, ஒட்டியவனே நான். யாரையும் கேட்காமல் சாப்பாட்டறைக்குப் போனேன். சுவர் ரெலிபோனில் சில்லறை போட்டுக் கூருக்கு எடுத்தேன். ஒரு பெண் குரல். கராஜின் உரிமையாளரே. அவர் பேசிய மலைநாட்டு ஜேர்மன் எனக்குப் பாதிதான் விளங்கியது.

“ஆர் கதைக்கிறது?”

“ஓல்டன் அச்சகம். உங்கட படம். அதில குதிரை…”

“குதிரைக்கு என்ன?”

“குதிரை இல்லை.”

“என்ன இல்லை?”

“கறை எண்டு நினைச்சு நான் அழிச்சுப்போட்டன்.”

“ரெண்டையுமோ?”

“ரெண்டையும். கயிறு பிடிச்ச ஆளையும்.”

“நீங்கள் எந்த ஊர்?”

“இலங்கை.”

“அங்கை குதிரை இல்லையோ?”

“எங்கட பக்கத்துத் தீவு ஒண்டில நிறைய நிக்குது. ஆனா கார் இழுக்கிறதில்லை.”

அவர் சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை. பிறகு மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அவருடைய தகப்பன் குதிரைக்காரர். எல்லையில் காத்திருந்து, வருகிற கார்களைக் கணவாய் தாண்டி இழுத்துவிடுவதுதான் குடும்பத்தின் பிழைப்பு. தடையை எடுத்த வருடம் பிழைப்புப் போயிற்று. தகப்பன் குதிரைகளை விற்றுவிட்டு லாயத்தில் கராஜ் திறந்தார். “அந்தப் படத்தில குதிரை இருக்கிறபடியாத்தான் நாங்கள் அதை வைச்சிருக்கிறம். காருக்காக இல்லை. குதிரை இல்லாட்டி எங்களுக்கு என்ன விழா?”

“அப்ப அடிக்க வேண்டாம் எண்டு முகவருக்குச் சொல்லுங்கோ. ஒம்பது மணிக்கு முதல்.”

“சொல்லுறன்,” என்றார். “நீங்கள் குதிரையைத் திருப்பி வையுங்கோ.”

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முகவர் பொறுப்பாளருக்கு ரெலிபோன் எடுத்துக் கத்தினார். அந்தக் கத்தலில் என் பெயர் இல்லை. ‘உங்கள் வெளிநாட்டு ஆள்’ என்று இருந்தது. பொறுப்பாளர் கேட்டு முடித்து, “புதுப் பிலிம் எடுக்கிறம். வியாழன் உங்களுக்குத் தாள் கிடைக்கும்,” என்று மட்டும் சொல்லி வைத்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மண்ணிறப் பிலிமை முதலிலிருந்து எடுத்தோம். இந்தமுறை இரண்டு நாள் கேட்டேன். இரண்டு நாளும் எடுத்தேன். பதினேழைத் தொடாமலே விட்டேன். கத்தி அதன் பக்கம் போகும்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், அந்தச் சாரதியைப் போல.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். மேசையில் என் அனுமதித் தாளின் பிரதி இருந்தது.

“பரீட்சைக் காலம் இன்னும் மூண்டு மாதம் நீடிக்குது,” என்றார். “குதிரைக்காக இல்லை. குதிரையை ஆரும் அழிப்பினம். நீங்கள் என்னைத் தாண்டிப் போனதுக்காக.”

“நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. ஜன்னலைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்.”

“யோசிச்சுக்கொண்டு இருந்தன். முகவரைத் தாண்டிக் கூருக்கு எடுக்கலாமோ எண்டு. எடுத்தா ஆருக்குப் பாதிப்பு, எப்படிச் சொல்லுறது எண்டு. நானே எடுத்திருப்பன். எனக்கு இன்னும் நாற்பது நிமிசம் இருந்தது. உங்களுக்குப் பொறுக்கேல்லை.”

அவர் எடுத்திருப்பாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. எடுக்காமல் விட்டிருக்கவும் கூடும். ஆனால் என் அழைப்பால் முகவர் பிறகு ஆறு மாதம் எங்களுக்கு வேலை தரவில்லை. அதற்கான பதிலை மேலிடத்தில் சொன்னவர் அவர், நான் அல்ல. ஒரே கிழமையில் இரண்டு தரம் அவசரப்பட்டேன். முதல் தரம் பிழையாகப் போயிற்று, இரண்டாம் தரம் சரியாகப் போயிற்று. கை ஒன்றுதான். இதிலிருந்து உங்களுக்கு ஒரு நேரான விதி எழுதித் தர முடிந்தால் தந்திருப்பேன். பேச வேண்டிய நேரத்தில் பேசுங்கள். ஆனால் பக்கத்தில் ஒருவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் என்ன பார்க்கிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.

அடுத்த மூன்று மாதமும் முடிந்தது. நிரந்தரமானேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கராஜ்காரப் பெண் சனிக்கிழமை விழாவில் சுவரொட்டிகளைக் கொடுத்தார். ஒன்றைச் சட்டம் போட்டு நேசனின் ஹோட்டலுக்கும் அனுப்பியிருக்கிறார். அது இப்போது சாப்பாட்டு மண்டபத்தில், குதிரைகள் கார் இழுக்கும் அந்தப் பழைய போட்டோவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. தொங்கவிட்ட கிழமையே நேசன் ரெலிபோன் எடுத்தான்.

“மச்சான், உன்ர படம் வந்திருக்கு. குதிரை நல்ல வடிவு. ஆனா நீ ஒழுங்கா வேலை செய்யேல்லை.”

“ஏன்?”

“ஏரிக்கு மேல ஒரு கறை. விடிய நெடுகத் துடைச்சுப் பாக்கிறன், போகுதில்லை. விருந்தாளியள் வேற சண்டை பிடிக்கினம், ஒருத்தர் கழுகு எண்டுறார், மற்றவர் மழை எண்டுறார். என்னடா அது?”

என் வாயில் ‘பறவை’ என்று வந்துவிட்டது. விழுங்கினேன்.

“தெரியேல்லை,” என்றேன்.

“நீதானே வரைஞ்சனி?”

“நான் வரையேல்லை. அழிக்காமல் விட்டனான்.”

“அப்ப நான் என்ன செய்யிறது?”

“துடையாதை,” என்றேன்.